மூன்றாம் வரிசைச் சிரிப்பு

ஒரு தேசத்தின் ஆன்மா அதன் சிரிப்பில் குடியிருக்கிறது. இதை நான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். பெரும்பாலும் பல் மருத்துவரின் வாசலில், என் எண்ணைக் கூப்பிடும்வரை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம். எனக்கு ஈறு கொஞ்சம் பலவீனம்.

என் பெயர் கியாலோ. வயது நாற்பத்தாறு. ஊர் மச்சாக்கோஸ் பக்கம்; பிழைப்பு நைரோபியில். தொழில் என்ற இடத்தில் ‘சிரிப்பது’ என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் செரோட்டிச் அம்மையார் அதை அடித்துவிட்டு வேறு ஏதாவது எழுதச் சொன்னார். வேறு ஏதும் எனக்குத் தெரியாது என்றேன். அப்படியானால் இருக்கட்டும் என்று எட்டுத் தாள்களும் ஒரு பேனாவும் கொடுத்து, நடந்ததை என் கைப்படவே எழுதச் சொல்லியிருக்கிறார். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் மத்தாத்து வேன் ஏறி, சில்லறைக்குச் சண்டை போட்டு, இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

பராசாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கென்யாவில் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள எந்த வீட்டிலும் அவனைத் தெரியும். ‘எங்கள் மாண்புமிகு’ தொடரின் வார்டு உறுப்பினர் அவன்தான். “பாலம் எங்கே?” என்று யாராவது கேட்ட மாத்திரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கி விழுவான். அந்த மயக்கத்துக்காகவே ஜனங்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஊர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். விசாரணைக் குழுவின் முன்னால் நிஜ உறுப்பினர் ஒருவர் மயங்கி விழுந்தபோது, அவரைத் தூக்க வந்த காவலர்கள்கூட ‘பராசா போட்டுட்டாருடா’ என்று பேசிக்கொண்டார்களாம்.

ஆனால் முதல் சிரிப்பு என்னுடையது. அதை யாரும் எழுதுவதில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், நைரோபி புருபுருவில் இறைச்சி சுட்டுத் தரும் ஒரு கடை. செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மூலையில் மைக் வைத்து, வருகிறவனைப் பேச விடுவார்கள். பராசா அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகச் சிப்பந்தி. மைக்கைப் பிடித்தபடி பத்து நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தான். ஒருவரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எங்க புங்கோமாவுல விருந்தாளி வந்தா முதல்ல தெரியுறது கோழிக்குத்தான்,” என்றான். “நேரா எங்கம்மா கால்ல வந்து விழுந்துடும். ‘அம்மா, நான் நேத்துதான் முட்டை போட ஆரம்பிச்சிருக்கேன், என் எதிர்காலத்தைக் கொஞ்சம் பாருங்க’ன்னு கெஞ்சும்.”

நான் சிரித்தேன். என் சிரிப்பு சாதாரணமானதல்ல. பாரம் ஏற்றிய லாரி மேட்டில் கியர் மாற்றுவது போல ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் மூச்சு நின்று, பிறகு விசிலாக முடியும். கடையே திரும்பி என்னைப் பார்த்தது. நான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று தேடி அவனைப் பார்த்தது. அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும் சிரித்தார்கள்.

முடிந்ததும் என் மேசைக்கு வந்தான். “அண்ணே, அடுத்த செவ்வாயும் வருவீங்களா?”

“இறைச்சி இதே மாதிரி இருந்தா வருவேன்.”

“இறைச்சி என் பொறுப்பு. ஆனா கோழி வந்த உடனே சிரிச்சிடணும்ணே. நீங்க மச்சாக்கோஸ் கம்பா இனத்து ஆளு, உங்க ஊர்ல மழை மாதிரியே நீங்களும் லேட்டா வந்துடாதீங்க.”

இப்படித்தான் ஆரம்பித்தது. அதன் பிறகு அவன் எங்கே பேசினாலும் மூன்றாம் வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலி எனக்கு. இதில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. முதல் வரிசைக்காரன் சிரித்தால் உறவுக்காரன் என்று நினைப்பார்கள். கடைசி வரிசைக்காரன் குடித்திருப்பான். மூன்றாம் வரிசையில் சிரிப்பவன்தான் பொதுஜனம்.

நாக்கூருவில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் அவனுடைய வியாதி எனக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டே இருந்தவன் இடது காது மடலைத் தேய்க்க ஆரம்பித்தான். மேலுதடு வேர்த்தது. மாப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொன்னான். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று பெண் வீட்டார் முணுமுணுத்தார்கள். எனக்கு என்னவோ பட்டது, எழுந்து போனேன். எங்கள் பக்கத்தில் பாட்டோ பேச்சோ பிடித்துப்போனால் கூட்டத்திலிருந்து எவனாவது எழுந்து மேடைக்கே போய்க் கலைஞன் கையில் எதையாவது வைத்துவிட்டு ஆடிக்கொண்டே திரும்புவான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் அப்படிப் போனேன். அவன் என் காதில், “சர்க்கரை... அண்ணே, சர்க்கரை,” என்றான். குழந்தைகளுக்கு வைத்திருந்த மிட்டாய் ஒன்று என் பையில் இருந்தது. அதை அவன் வாயில் ஊட்டிவிட்டு, இரண்டு சுற்று ஆடிவிட்டு வந்தேன். மண்டபம் கைதட்டியது. ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளையின் பெயர் அவனுக்குச் சரியாக வந்தது.

நாளுக்கு மூன்று ஊசி போட்டுக்கொள்கிறவன் என்று அன்றைக்குத்தான் சொன்னான். ஊசிக்குப் பிறகு சாப்பாடு தவறினால் சர்க்கரை விழுந்து ஆளும் விழுவானாம். வியாதிக்காரனை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? ஆகவே விஷயம் அவன் மனைவி நெலிமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அன்று முதல் என் சட்டைப் பையில் குளுக்கோஸ் மிட்டாய் இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை. அவன் காதைத் தேய்த்தால் நான் ஆடிக்கொண்டே போவேன். ‘பராசாவின் மிட்டாய் ரசிகர்’ என்று ஒரு பத்திரிகைகூட எழுதியது. பெயர் போடவில்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. தொழிற்பேட்டையில் ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, சோபா, மேசை, சுவரில் ஜனாதிபதியின் படம் என்று வீடு மாதிரி போட்டு, எதிரே இருநூறு நாற்காலி. தயாரிப்பாளர் முகாமி, கறாரான அம்மாள். தரையில் மஞ்சள் பட்டை ஒட்டி, “இதைத் தாண்டி யாரும் வரக் கூடாது, ஆடுறதெல்லாம் கல்யாணத்துல வெச்சுக்கோங்க,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதனால் மிட்டாயை இடைவேளையில் கொடுத்தேன். தொடருக்குப் புரவலர் ஒரு சோடா கம்பெனி. மாண்புமிகுவின் மேசையில் எப்போதும் அவர்கள் பாட்டில் நிற்கும். சர்க்கரை வியாதிக்காரன் சோடாவுக்கு முகமாக நிற்கிறான் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இரகசியம் இன்னும் இறுகியது.

பராசாவும் மாறினான். முன்பற்கள் ஆறையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டான். ‘அண்ணே’ என்பது ‘கியாலோ’ ஆயிற்று. இரண்டாம் வருடம் ‘யோவ்’ ஆயிற்று. எனக்கு வருத்தமில்லை. பெரிய மனிதனாகிறவன் ஏதாவதொன்றைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவன் என் பெயரைக் குறைத்துக்கொண்டான்.

ஒன்றை மட்டும் அவன் மாற்றவில்லை. மேடைக் காலத்திலிருந்தே, மயங்கி விழுந்தால் சிரிப்பு முழுக்க அடங்கும்வரை எழுந்திருக்க மாட்டான். யாரும் அவனைத் தொடவும் கூடாது. தளத்தைக் கவனிக்கும் ஒகுட்டு ஒருமுறை அவசரப்பட்டுத் தண்ணீரோடு ஓடிவிட்டார். “என் சிரிப்பை ஏன்யா மிதிக்கிற?” என்று இருநூறு பேர் முன்னால் அவரை நாறடித்துவிட்டான். அதிலிருந்து கடைசிச் சிரிப்பு ஓயும்வரை ஒகுட்டு மஞ்சள் பட்டைக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

கடந்த மாதம் முகாமி ஜோஹன்னஸ்பர்க் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். ஒரு சிறிய பெட்டியில் நாற்பத்தெட்டு வகைச் சிரிப்பைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தார். தொடரின் அடுத்த பருவத்திலிருந்து கூட்டம் வேண்டாம், ஏற்றிவரப் பேருந்து வேண்டாம், கொடுக்கப் பன் ரொட்டி வேண்டாம். பொத்தானை அமுக்கினால் போதும். நான் ஒப்பனை அறைக்குப் போனேன். பராசா கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்தான்.

“பெட்டிச் சிரிப்பு வருதாமே,” என்றேன்.

“ஆமா. நல்லா இருக்குய்யா, கேட்டேன். பொம்பளைச் சிரிப்பு தனி, ஆம்பளைச் சிரிப்பு தனி.”

“அவங்க யாரைப் பாத்துச் சிரிச்சாங்களோ. நம்ம கோழி அவங்களுக்குத் தெரியுமா?”

“கோழி எல்லா ஊர்லயும் கோழிதான். யோவ், பன்னெண்டு வருஷமா சிரிச்சிருக்க. வாய் வலிக்கலயா? போய் ஓய்வெடு. ஊர்ல ஆடு வாங்கி விடு.”

“நீ முகாமிகிட்ட ஒண்ணும் சொல்லலியா?”

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். “என்ன சொல்லணும்? சிரிக்கிறதுக்கு ஆள் வேணும்னா? ஜனம் எனக்காகச் சிரிக்குதுய்யா. நீ இருந்தாலும் சிரிக்கும், இல்லாட்டியும் சிரிக்கும்.”

அவன் சொன்னதில் கோபமே இல்லை. துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தான், காயப்போட. நான் காயப்போட்டேன். இதையெல்லாம் எழுதுவது நான் பழி தீர்த்தேன் என்று நீங்கள் நினைப்பதற்காக அல்ல. நான் பழி வாங்குகிற ஆளில்லை. ஒரு கூற்று தவறு என்றால் அதை நிரூபித்துக் காட்டுவது என் பழக்கம், அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தின் கடைசிப் படப்பிடிப்பு அன்று நடந்ததைச் சொல்கிறேன். திக்கா பக்கத்துத் தேவாலய மாதர் சங்கம் நான்கு பேருந்தில் வந்திருந்தது. எல்லோரும் ஒரே நீலத் தலைத்துணி. சோடா கம்பெனியின் அதிகாரிகள் மூன்று பேர் முதல் வரிசையில். பராசா பன்னிரண்டரைக்கு ஊசி போட்டுக்கொண்டான். நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சப்பாத்தியும் அவரைக் குழம்பும் வந்துகொண்டிருந்தன. அதற்குள் முகாமி வந்து, மாதர் சங்கத்துக்குச் சாயங்காலம் பாடல் பயிற்சி இருக்கிறதாம், விருந்துக் காட்சியை முதலில் எடுத்துவிடலாம் என்றார். அதிகாரிகள் காதில் விழும்படி சொன்னதால் பராசா மறுக்கவில்லை. “காட்சியிலதான் உகாலிக் களியும் கோழியும் இருக்கே, அதைத் தின்னுக்கறேன்,” என்று என்னிடம் கண்ணடித்தான்.

விளக்குகளைச் சரிசெய்ய ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று.

காட்சி இதுதான்: மாண்புமிகு ஒரு விதவை வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார். தின்கிறார். அவள் பாலத்தைப் பற்றிக் கேட்கிறாள். மயங்குகிறார். மூன்றாவது வசனத்தில் அவன் கை காதுக்குப் போயிற்று. நான் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். நான் மஞ்சள் பட்டையைப் பார்த்தேன். தாண்டக் கூடாது என்று முகாமி சொல்லியிருக்கிறார். விதி என்று ஒன்று இருக்கிறது.

மேசையில் இருந்த சோடா பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தான். மாதர் சங்கம் சிரித்தது. நிஜ சோடா விளக்குச் சூட்டில் நுரை போய்விடுகிறது என்று அந்தப் பாட்டிலில் சாயத் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. விதவையாக நடிக்கும் பெண்ணை நெலிமா என்று கூப்பிட்டான். உகாலியைக் கை நிறையப் பிடித்து வாயில் திணித்துக்கொண்டான். மறுபடியும் சிரிப்பு. பேராசைக்கார உறுப்பினர் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து, வசனத்தில் இல்லாததைப் பேசினான். மூன்றாம் வரிசையைப் பார்த்துத்தான் பேசினான்.

“இந்த வீட்டுல விருந்தாளிக்கு ஒரு மிட்டாய் குடுக்கற வழக்கம் இல்லையா? ஒரே ஒரு மிட்டாய். அண்ணே.”

மூன்று வருடத்துக்குப் பிறகு ‘அண்ணே’. கூட்டம் குலுங்கியது. நான் புன்னகை செய்தேன். மிட்டாய் என் சட்டைப் பையில்தான் இருந்தது; மேலே இருந்து தடவிப் பார்த்தேன். நான்கு இருந்தன.

விதவை திகைத்துப்போய், வேறு வழியில்லாமல் தன் வசனத்தைச் சொன்னாள்: “ஐயா, பாலம் எங்கேங்க?”

அவன் விழுந்தான்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடிப்பு மயக்கத்தில் அவன் வலப்பக்கம் சாய்ந்து, முதலில் கையை ஊன்றுவான். ஆறு பற்களைப் புதிதாக வைத்துக்கொண்டவன் முகம் குப்புற விழ மாட்டான். அன்று முகம் குப்புற விழுந்தான், சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே, கை உடம்புக்கடியில் மாட்டிக்கொள்ள. பல் தரையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கால்கள் உதறின. அந்தக் கிடங்கில் இருநூற்றுச் சொச்சம் பேரில், இது நடிப்பல்ல என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் சிரித்தேன்.

வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை. லாரி மேடேறி, இறங்கி, மறுபடி ஏறியது. மாதர் சங்கம் அலை அலையாகத் தொடர்ந்தது. சற்று ஓயும்போல் இருந்தால் விசிலைக் கொடுப்பேன். என் விசிலுக்கே தனியாக ஒரு சிரிப்பு எழும். முகாமி கேமராவை நிறுத்த வேண்டாம் என்று கை காட்டினார். சோடா அதிகாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒகுட்டு மட்டும் ஒரு முறை பட்டைக்கு மேல் காலை வைத்துவிட்டு, என் சிரிப்பைக் கேட்டு, பின்னுக்கு எடுத்துக்கொண்டார். பாவம், நல்ல மனிதர். நான்கு நிமிடம் இருபது விநாடி என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். கால்கள் உதறுவது மூன்றாவது நிமிடத்திலேயே நின்றுவிட்டது.

சிரிப்பு ஓய்ந்தது. அவன் எழவில்லை. அதற்கும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு யாரோ ஒரு அம்மாள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

சர்க்கரை விழுந்திருந்தது, அதோடு வாயிலிருந்த உகாலி மூச்சை அடைத்துவிட்டது என்றார் மருத்துவர். முதல் நிமிடத்தில் யாராவது ஒருக்களித்துப் போட்டு வாயில் விரலை விட்டு எடுத்திருந்தாலே போதுமாம். இயற்கை மரணம் என்று எழுதினார்கள்.

அடக்கத்துக்குப் புங்கோமா போனோம். ஈமச் சடங்குக் குழுவில் என்னைக் கூடாரத்துக்கும் நாற்காலிக்கும் பொறுப்பாகப் போட்டார்கள். மைக்கைக் கைப்பற்றிய நிஜ மாண்புமிகுக்கள் ஆறு பேர். ஒருவர், பராசாதான் தமக்கு அரசியலில் முன்மாதிரி என்றார். தாம் சொன்னது என்ன என்று அவருக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நெலிமா என்னிடம் வந்து, “நீங்க அங்கதான இருந்தீங்க? மிட்டாய் இல்லாமப் போச்சாண்ணே?” என்று கேட்டாள். கூட்டத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சைகை காட்டிவிட்டு நாற்காலி எண்ணப் போனேன்.

பத்திரிகைகள் எல்லாம் ஒரே மாதிரி எழுதின: ‘எதுவும் அறியாத பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டிருந்தனர்.’ ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். யாரும் திருத்தவில்லை. பார்வையாளர்கள் தாமாகச் சிரிக்க மாட்டார்கள். இருநூறு பேர் மேல் பழி விழும்போது பேசாமல் இருப்பது நேர்மையல்ல. என் மனசாட்சி கேட்கவில்லை. ஆகவே வந்தேன்.

இன்ஸ்பெக்டர் அம்மையார் முதலில் என்னை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னார். “சிரிச்சதுக்கெல்லாம் கேஸ் போட முடியாதுங்க. அப்படிப் போட்டா பாதி நைரோபி உள்ள இருக்கும்.”

மிட்டாயைப் பற்றிச் சொன்னேன். காதைத் தேய்த்ததையும், அவன் கேட்டதையும் சொன்னேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“கையில வெச்சிருந்தீங்க. கேட்டான். குடுக்கல.”

“ஆமாம் மேடம்.”

“அந்த மிட்டாய் இப்ப எங்க?”

“சாப்பிட்டுட்டேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன், ரொம்பச் சிரிச்சதுல தொண்டை வறண்டுபோச்சு.”

அதையும் அவர் குறித்துக்கொண்டார். பிறகு, இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்றார். ஆனால் மிட்டாயைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமாம். அதில் எனக்குச் சம்மதமில்லை. மிட்டாய் கொடுக்காமல் இருக்க எவனாலும் முடியும். ஒரு ஆளைச் சிரிப்பாலேயே இருந்த இடத்தில் நிறுத்திவைக்க, ஒகுட்டுவின் காலைப் பின்னுக்கு இழுக்க, இந்த நாட்டில் ஒருவனால்தான் முடியும். அன்றும் முதல் சிரிப்பு என்னுடையது என்பது பதிவாக வேண்டும் என்றேன். பிடிவாதமாகத்தான் சொன்னேன்.

சரி, சந்தேகம் வேண்டாம் என்று இன்று காலை ஒலிப்பதிவாளரை வரவழைத்தார். அவர் மடிக்கணினியோடு வந்து, என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். மூன்றாம் வரிசைக்கு மேல் தொங்கும் மைக்கைத் தொடர் ஆரம்பித்த இரண்டாவது வாரமே அணைத்துவிட்டார்களாம். என் சத்தம் மற்றவர்கள் சிரிப்பைக் கெடுக்கிறது என்று பராசாவே கேட்டுக்கொண்டானாம். மற்ற மைக்குகளில் கேட்கும் அளவுக்குக் கேட்கலாம் என்றார். பராசா விழும் இடத்தை மூன்று தடவை போட்டோம். நான்காம் தடவை நான் கேட்டுக்கொண்டதற்காகப் போட்டார்கள்.

முதலில் சிரிப்பது ஏழாம் வரிசையில் ஒரு பெண். அப்புறம் அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர். நான் நான்காவது.